தம்பிக்கு விட்டுக்கொடுக்கும் நாற்காலி

ம்பெரா கிராமம்,
சில்வா ஏரிக்கரை,
தெற்கு மலாவி.
ஜூலை 9

என் அம்மாவின் மூத்த அண்ணனும் எங்கள் குடும்பத்துக்குத் தலைவருமான மதிப்புக்குரிய மாமா அவர்களுக்கு, மருமகள் எஸ்நாத் மண்டியிட்டு வணங்கி எழுதுவது.

நாங்கள் நல்லபடி எழுந்தோம், நீங்கள் எப்படி எழுந்தீர்களோ என்று தொடங்குவது நம் முறை. ஆகையால் அப்படியே எழுதிவிட்டேன். உண்மையில் நான் நல்லபடி எழவில்லை. எழுந்ததும் முதலில் செய்த வேலை, கொடியில் தொங்கிய என் மூன்று முகங்களைத் தூறலிலிருந்து காப்பாற்ற உள்ளே கொண்டுவந்து போட்டதுதான். அதற்குள் மூன்றும் நனைந்துவிட்டன. ஒன்றின் நெற்றியில் சேவல் எச்சமிட்டிருந்தது. முகம் என்று நான் சொல்வது, தேர்தலுக்காக என் படத்தை அச்சடித்துக் கட்சி ஊர்ப் பெண்களுக்குக் கொடுத்த இடுப்புத் துணியை. உங்கள் போன வாரக் கடிதத்தில், "மிச்சம் இருக்கிற துணியையெல்லாம் தம்பி வைசன்கிட்ட குடுத்துடு, கட்சிக் கலர் ஒண்ணுதானே, மூஞ்சியை மட்டும் உள்ளே மடிச்சுக் கட்டிக்கிட்டாப் போச்சு" என்று சொல்லியிருந்தீர்களே, அதே துணி.

அந்தக் கடிதத்தை நான்கு முறை படித்தேன். வருகிற தேர்தலில் நான் ஒதுங்கிக்கொள்ள வேண்டும், கவுன்சிலர் இடத்துக்கு என் தம்பி போட்டியிடுவான், கட்சி உங்களிடம் கேட்டது, நீங்களும் வாக்குக் கொடுத்துவிட்டீர்கள் என்பது செய்தி. மினிபஸ்ஸில் கூடையை வைத்து இடம் பிடிப்பதுபோல நான் ஐந்து வருடம் இடம் பிடித்து வைத்திருந்தேனாம், இனி ஆண்பிள்ளை வந்து உட்காரட்டுமாம். கூடைக்கு என்ன அபிப்பிராயம் இருக்க முடியும்? என் கணவர் கிரேஷமிடம் காட்டினேன். அவர் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உங்க மாமா சொன்னாச் சொன்னதுதான். நான் பொண்டாட்டி ஊருக்கு வாழ வந்தவன், எனக்கு எதுக்கு வாயி?" என்று சொல்லிவிட்டுத் தூறலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். ஆகவே மாமா, எனக்குச் சம்மதம். தம்பியே உட்காரட்டும். ஆனால் உட்காருவதற்கு முன் அங்கே என்னென்ன கிடக்கிறது என்று அவன் தெரிந்துகொள்வது நல்லது.

இதில் நானாக இறங்கவில்லை என்பது உங்களுக்கு நினைவிருக்கும். பட்டம் வாங்கி, பள்ளியில் பாடம் சொல்லிக்கொண்டு, என் பாட்டில் இருந்தேன். சம்பளம் இல்லாத பதவி என்று ஆண்கள் எல்லாம் நழுவியபோது, "படிச்ச பொண்ணு, சும்மாதானே இருக்கே, அஞ்சு வருஷம் போயி உட்கார்ந்து எழுந்திரு" என்றீர்கள். உட்காரவே விடவில்லை, மாமா. தம்பி தெரிந்துகொள்ள வேண்டியதில் முதலாவது, சாவு. இந்த ஐந்து வருடத்தில் இருநூற்றுப் பதினான்கு சாவுகளுக்குப் போயிருக்கிறேன். ஆண் கவுன்சிலர் என்றால் ஆண்கள் பக்கம் நாற்காலி போட்டு உட்கார வைத்து, கடைசியில் பேசக் கூப்பிடுவார்கள். நான் பெண், முதலில் பெண்களோடு அடுப்படியில் நின்று நூறு பேருக்குக் களி கிண்ட வேண்டும், பிறகு கையைத் துடைத்துக்கொண்டு போய் இறந்தவரைப் பற்றிப் பேச வேண்டும். பச்சை விறகின் புகையில் கண் சிவந்து, மூக்கு ஒழுகி நிற்பேன். "பாரு, சொந்த அண்ணன் செத்த மாதிரி எப்படி அழுறா" என்று சனங்கள் உருகிப்போவார்கள். இந்தத் தேர்தலில் எனக்கு விழ இருந்த ஓட்டில் பாதி அந்தப் புகைக்கு விழ இருந்தது. தம்பியோ களி வெந்த பிறகு வருவான், மண் தள்ளுவதற்குள் கிளம்பிவிடுவான். அவன் இனி முன்னால் வந்து பின்னால் போகப் பழக வேண்டும்.

இரண்டாவது பாலம். ஓடையில் கிடந்த இரண்டு மரக்கட்டைகளுக்குப் பதில் ஒரு நல்ல பாலம் வேண்டுமென்று நான்கு வருடம் மனு எழுதினேன். மாவட்ட மன்றத்தில் நான் எழுந்து நின்றாலே, "பாலம் வந்துடுச்சு, கதவைத் திறங்க" என்று என்னைக் கேலி செய்வார்கள். கடைசியில் பாலம் வந்தேவிட்டது. திறந்து வைக்க எம்.பி. வந்தார். ரிப்பனை அவர் வெட்டினார், கத்தரிக்கோல் வைத்த தட்டை நான் பிடித்தேன். அதோடு விட்டார்களா? பெண்கள் பாட்டுப் பாடி ஆடத் தொடங்கியதும் கட்சிச் செயலாளர் என்னிடம் குனிந்து, "கவுன்சிலர், நீங்களும் போய் ஆடுங்க, பெரியவர் பார்க்கிறார்" என்றார். நாற்பத்தாறு வயதில், குதிகால் செருப்போடு, நான் எழுதி வாங்கிய பாலத்தின் மேல், அதை வாங்கித் தந்ததாகச் சொல்லிக்கொண்ட மனிதரைப் புகழ்ந்து ஆடினேன். அன்று முதுகு பிடித்தது. இன்னும் விடவில்லை. பாலம் உறுதியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது இந்தத் துணி. போன மாதம் நடந்த கூட்டத்தைப் பற்றி ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக உங்களிடம் சொல்லியிருப்பார்கள். நடந்தது இதுதான். நகரத்து அச்சுக்கூடத்தில் படத்தை எங்கே வைக்க வேண்டும் என்று யாரும் யோசிக்கவில்லை. எழுத்து நேராக வரும்படி சுற்றி இடப்பக்கம் முடிச்சுப் போட்டால், என் முகம் கச்சிதமாகப் பின்பக்கம், உட்காரும் இடத்தில் வந்து நின்றது. தலைகீழாகச் சுற்றிப் பார்த்தார்கள். முகம் தலைகீழானது, அது இதைவிடப் பாவம் என்று அவிழ்த்துவிட்டார்கள். கூட்டத்துக்கு எழுபது பெண்கள் அந்தத் துணியோடு வந்தார்கள். பாய்கள் விரித்துக் கிடந்தன. எம்.பி. பேச எழுந்தார். ஒருத்திகூட உட்காரவில்லை. மேடைக்குக் கீழே இருந்த ஊர்த்தலைவர் எழுந்து, "உட்காருங்கம்மா, பெரியவர் பேசணும்" என்றார். ஆட்டக் குழுவுக்குத் தலைவியான லிகோஸ்வே அம்மா, "நாங்க நிக்கிறோம், நீங்க பேசுங்க" என்றாள். "ஏன், பாயில முள்ளு இருக்கா?" "முள்ளு இல்லை தலைவரே. கவுன்சிலரம்மா மூஞ்சி இருக்கு. அது மேல எப்படி உட்கார்றது?"

இதைச் சொன்னபோது ஒலிபெருக்கி கத்திக்கொண்டிருந்ததால் மேடைக்கு எட்டவில்லை. மேடையிலிருந்து பார்த்த எம்.பி.க்குத் தெரிந்ததெல்லாம், எழுபது பெண்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு, உட்காரச் சொன்னாலும் உட்காராமல் தம்மையே முறைத்து நிற்கிறார்கள் என்பதுதான். மூன்று மணி நேரம் பேசுபவர் ஒரு மணி நேரத்தில் முடித்துக்கொண்டு, கொடுத்த கோழியைக்கூட வாங்காமல் வண்டி ஏறிவிட்டார். மறுவாரம் செயலாளர் என்னைக் கூப்பிட்டு, எம்.பி.க்கு எதிராகப் பெண்களைத் தூண்டிவிட்டேன் என்றார். தூண்டவில்லை ஐயா, மரியாதைக்காக நின்றார்கள் என்றேன். "யாருக்கு மரியாதை?" என்று கேட்டார். எனக்கு என்று சொல்ல வேண்டும். வாய் வரவில்லை, மாமா. கல்லூரியில் பேச்சுப் போட்டியில் பரிசு வாங்கியவள் நான். இருநூற்றுப் பதினான்கு பிணங்களுக்காகப் பேசியிருக்கிறேன். எனக்காக ஒரு சொல் கேட்டபோது என் நாக்கு செத்துப்போயிற்று. அந்த மௌனத்தைத்தான் குற்றத்தை ஒப்புக்கொண்டேன் என்று எழுதிக்கொண்டார்கள். அதற்கு அடுத்த நாள்தான் உங்கள் வீட்டுக்கு வந்து தம்பியைக் கேட்டிருக்கிறார்கள்.

கூட்டம் முடிந்த மறுநாள் லிகோஸ்வே அம்மா என்னிடம் முழங்காலுக்குத் தைலம் கேட்டு வந்தாள். "ஏன் இப்படிப் பண்ணினீங்க, என் பிழைப்பே போச்சே" என்று அவள்மேல் எரிந்து விழுந்தேன். அவள் அடுப்போரம் காலை நீட்டி உட்கார்ந்து, "பேச்சு சீக்கிரம் முடிஞ்சுதுல்ல, அதுக்கே எங்களுக்கு நன்றி சொல்லணும் நீ" என்றாள். பிறகு தைலத்தைத் தேய்த்துக்கொண்டே, "வேற யாரு மூஞ்சியா இருந்தாலும் அப்பவே உட்கார்ந்திருப்போம்டி" என்றாள். அவள் போன பிறகு வெகுநேரம் துவரை உடைத்துக்கொண்டிருந்தேன். தேவைக்கு மேல் உடைத்துவிட்டேன்.

ஆக, சாவு, பாலம், துணி. தம்பிக்கு நான் விட்டுப்போகும் சொத்து இவ்வளவுதான். மன்றத்து நாற்காலிக்கு ஒரு கால் குட்டை, அட்டையை மடித்து வைத்துத்தான் உட்கார வேண்டும். வேட்புமனுவுக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். அதற்குள் வந்து கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். எனக்கு வருத்தம் எதுவும் இல்லை. இருந்தாலும் சொல்லும் பழக்கம் இல்லை.

அத்தைக்கு என் வணக்கம். உங்கள் பக்கத்து ஏரியில் தண்ணீர் வற்றாமல் இருக்கட்டும், வலை கிழியாமல் இருக்கட்டும், இந்தக் குளிரில் உங்கள் மார்புச் சளி இறங்கட்டும். எங்கள் தலைமேல் உங்கள் கை என்றும் இருக்கட்டும்.

தங்கள் கீழ்ப்படிந்த மருமகள்,
எஸ்நாத்
(செப்டம்பர் வரை கவுன்சிலர்)

பின்குறிப்பு: உங்களுக்குக் கண் ஆபரேஷன் முடிந்து கட்டு இன்னும் அவிழ்க்கவில்லை என்று அத்தை சொல்லி அனுப்பினார்கள். உங்கள் கடிதத்தைப் பார்த்ததுமே வைசனின் கையெழுத்து என்று தெரிந்துவிட்டது. அப்படியானால் இதையும் அவன்தான் உங்களுக்கு உரக்கப் படித்துக் காட்டிக்கொண்டிருப்பான். வைசன், இங்கே தொண்டையைச் செருமிக்கொண்டு மடித்துவிடாதே, படி. மேலே சம்மதம் என்று எழுதியதை எழுதி முடித்த பிறகு திரும்பப் படித்தேன், மாமா. அதில் சம்மதம் எங்கேயும் இல்லை. வெள்ளிக்கிழமை காலை நான் சுயேச்சையாக மனு போடப்போகிறேன். கிரேஷமுக்குத் தெரியாது, லிகோஸ்வே அம்மாவுக்குத் தெரியாது, முதலில் உங்களுக்குத்தான் சொல்கிறேன், அதுவும் தம்பி வாயால். நீங்கள் அத்தை ஊரில் குடியிருந்தாலும் உங்கள் பெயர் இன்னும் ம்பெரா வாக்காளர் பட்டியலில்தான் இருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டேன். இத்தனை வருடத்தில் யாரிடமும் எனக்காக வாய் திறந்து ஒன்றும் கேட்டதில்லை. மாமா, உங்கள் ஓட்டை எனக்குப் போடுங்கள். வைசன், கடைசி வரியை இன்னொரு தரம் படி, அவருக்குச் சரியாகக் கேட்டிருக்காது.