சார்பாகப் பெற்றுக்கொண்டவள்

ஒரே காலையில் ஏழு இசை விருதுகள் வாங்கியவள் நான். கர்நாடக இசை, பக்தி, கானா, ராப், வயலின், குழந்தைப் பாடல், நாட்டுப்புறம் என்று ஏழும் ஏழு தினுசு. இத்தனைக்கும் வயலினை எந்தத் தோளில் வைப்பார்கள் என்று அன்றுவரை எனக்குச் சரியாகத் தெரியாது. பதினோரு மணிக்கு வாங்க ஆரம்பித்து, ஒரு மணிக்குள் ஏழையும் வரிசையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, சாம்பார் சாதம் சாப்பிட்டு வீடு வந்து சேர்ந்தேன். இப்போது திருநகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகள் "மிஸ், நீங்க ஏதாவது அவார்டு வாங்கியிருக்கீங்களா?" என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுவேன்.

அப்போது எனக்கு இருபத்து நாலு வயது. அலங்காநல்லூர் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து பஸ் ஏறி சிம்மக்கல் வருவேன். அங்கே ஒரு பழ மொத்தக்கடையின் மாடியில் ஸ்டூடியோ. கீழே லாரியில் லோடு இறக்கும்போதெல்லாம் மேலே ரெக்கார்டிங்கை நிறுத்திவிடுவார்கள். அங்கே எனக்கு ட்ராக் பாடும் வேலை. அதாவது, இசையமைப்பாளர் மெட்டுப் போட்டதும் நான் ஒருமுறை பாடி வைப்பேன். பிறகு பெரிய பாடகி வந்து, அதைக் கேட்டுவிட்டு, என் குரலை எடுத்துவிட்டு அவர் குரலை வைப்பார். பஸ் ஜன்னல் வழியாகத் துண்டு போட்டு சீட்டுப் பிடிப்போம் இல்லையா, அந்தத் துண்டு நான்.

ஜெகன் அண்ணன் என்று ஒரு இசையமைப்பாளர். எங்கள் பக்கத்து ஆள்தான், சென்னைக்குப் போய்ப் பெரிய ஆளானவர். கிராமத்துப் பாட்டு என்றால் மட்டும் மதுரைக்கு வருவார். நடவுப் பாட்டு ஒன்றை என்னிடம் கொடுத்தார். பாடி முடித்ததும் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் எழுந்து நின்றார்.

"ஈஸ்வரி, இதுல ஒன் குரலை மாத்தவே மாட்டேன். சத்தியமாச் சொல்றேன்" என்றார். (சத்தியம் வேறு. நான் கேட்கவே இல்லை.)

பாட்டு வெளிவந்தது. குரல் மாறியிருந்தது. ஆனால் முழுதாக இல்லை. ஆரம்பத்தில் வருகிற ஹம்மிங்கும் அதன் முடிவில் வருகிற குலவையும் என்னுடையதாகவே இருந்தன. எங்கள் ஊரில் நடவுக்கும் சாமி கும்பிடுவதற்கும் பெண்கள் போடுகிற குலவை அது. பெரிய பாடகிக்கு எவ்வளவு முயன்றும் நாக்கு அப்படிச் சுழலவில்லையாம். ஆக மொத்தம் பதினோரு விநாடி நான், மீதி நாலரை நிமிடம் அவர். வீடியோவுக்குக் கீழே நன்றிப் பட்டியலில் என் பெயரைத் தேடினேன். கார் நிறுத்த இடம் கொடுத்தவருக்குக்கூட நன்றி சொல்லியிருந்தார்கள்.

அடுத்த வருடம் அந்தப் பாட்டுக்கு விருது. எல்லா வகை இசைக்கும் வருடா வருடம் சென்னையில் கொடுக்கிற விருதை, அந்த முறை தென் மாவட்ட ரசிகர்களைக் கௌரவிக்கிறோம் என்று மதுரைக்குக் கொண்டுவந்திருந்தார்கள். ஜெகன் அண்ணன் போனில் சொன்னது இவ்வளவுதான்: "ஈஸ்வரி, ஃபோக் அவார்டு நம்ம பாட்டுக்குத்தான். நீதான் வந்து வாங்கணும். பட்டுச்சேலை கட்டிட்டு வா."

கொஞ்சம் மூளை இருக்கிறவள் "யாருக்கான விருது அண்ணே?" என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பாள். நான் கேட்கவில்லை. பாடகிக்கு ஒன்று கொடுப்பார்கள், ஆரம்பக் குரலுக்குத் தனியாக ஒன்று கொடுப்பார்கள் என்று உலகத்தில் இல்லாத ஒரு விருதுப் பிரிவை நானே உண்டாக்கிக்கொண்டேன். அன்று சாயங்காலமே வீட்டில் சொல்லிவிட்டேன், எனக்கு விருது என்று.

அப்பா டவுன் பஸ் கண்டக்டர். பாட்டுப் பாடப் போகிறேன் என்று நான் சொன்ன நாளிலிருந்து, "போறது சரி, எங்க எறங்கப் போற?" என்று கேட்டுக்கொண்டே இருந்தவர். அன்று எதுவும் கேட்கவில்லை. லீவு போட்டார். ஒரு வேன் பிடித்தார். பேச்சி அத்தை தலைமையில் பதினாலு பேர் கிளம்பினார்கள். ஊரில் எங்கள் ஆட்கள் மற்றவர்கள் வயலில் நட்டுக் களை பறித்தே காலம் கழித்தவர்கள். எங்களில் ஒருத்தியை மேடையில் ஏற்றி மாலை போடுவார்கள் என்பதை நேரில் பார்க்காமல் நம்ப அவர்கள் தயாராக இல்லை.

விழா, திருநகர் தாண்டி திருமங்கலம் ரோட்டில் ஒரு கல்யாண மண்டபத்தில். சாயங்காலம் அங்கே ஒரு வரவேற்பு இருந்ததால் இதைக் காலையிலேயே வைத்துவிட்டார்கள். மேடையில் மாப்பிள்ளை பெண்ணுக்கான சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் போட்டுத் தயாராக இருந்தன. விருதுப் பதாகைக்குக் கீழே மாப்பிள்ளையின் பெயர் பாதி எட்டிப் பார்த்தது.

எல்லாம் வந்திருந்தது, வெற்றியாளர்களைத் தவிர. வருவதாகச் சொன்ன பலருக்கு அன்று காலைதான் தொண்டை கட்டியிருந்தது. விழாக்குழுச் செயலாளர் சஃபாரி சூட்டில் வேர்த்து வழிந்துகொண்டு நின்றார். மேடை ஓரத்தில் பட்டுச்சேலையோடு நின்ற என்னைப் பார்த்தார்.

"நீங்க ஃபோக்குக்கு வந்தவங்கதான? அதுக்கு இன்னும் நேரம் இருக்கு. சும்மாதான நிக்கிறீங்க, இதையும் போய் வாங்கிருங்க" என்று முதுகில் கை வைக்காத குறையாகத் தள்ளிவிட்டார்.

'ஃபோக்குக்கு வந்தவங்கதான' என்ற ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. நம்முடையது கடைசியில் வரப்போகிறது, அதுவரை இவர்களுக்கு ஒத்தாசை செய்வோம் என்று ஏறினேன். தொகுப்பாளினி அறிவித்தார்: சிறந்த கர்நாடக இசைப் பாடகர் இன்னார், அவர் சார்பாக விருதைப் பெற்றுக்கொள்பவர் செல்வி ஈஸ்வரி. சால்வை போட்டார்கள், விருதாகத் தங்க முலாம் பூசிய சின்ன வீணை ஒன்றைக் கையில் கொடுத்தார்கள், போட்டோ எடுத்தார்கள். இறங்குவதற்குள் பக்தி இசை. அதற்கும் ஆள் இல்லை. அவர் சார்பாகவும் நான்.

மூன்றாவது கானா. நாலாவது ராப். உண்மையைச் சொல்கிறேன், நாலாவதுக்கு வரும்போது எனக்கு அது பிடித்துப் போய்விட்டது. வீணையை எந்தக் கோணத்தில் பிடித்தால் கேமராவுக்கு நல்லது என்று தெரிந்துவிட்டது. சால்வை போடுபவருக்கு வசதியாகக் கழுத்தைச் சாய்க்கப் பழகிவிட்டேன். ராப்புக்கு இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். "இந்த விருதை உழைக்கும் இளைஞர்களுக்குச் சமர்ப்பிக்கிறேன்" என்றேன். நல்ல கைதட்டல். அந்த ராப்பர் யார், ஆணா பெண்ணா, எந்த ஊர் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

பின்வரிசையில் எங்கள் ஆட்கள் குஷியில் இருந்தார்கள். சார்பாக என்றுதான் சொல்கிறார்கள் என்று யாரோ அத்தைக்கு எடுத்துச் சொல்லியிருக்கிறார்கள். "யாரு சார்பா இருந்தா என்னடா, கையில குடுக்குறது நம்ம புள்ள கையிலதான?" என்று அத்தை அடக்கிவிட்டதாம். வயலினும் குழந்தைப் பாடலும் முடிந்தபோது வெல்வெட் நாற்காலியில் என் பக்கத்தில் ஆறு வீணைகள் இருந்தன. மாப்பிள்ளைக்கான நாற்காலியில் நானே உட்கார்ந்திருந்தேன்.

பிறகு நாட்டுப்புறம் வந்தது. சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன். அடுப்படியில் ஒரு வாரம் மனப்பாடம் செய்த நன்றியுரை தொண்டையில் தயாராக நின்றது. முதலில் அப்பா, பிறகு அம்மா, பிறகு ஜெகன் அண்ணன்.

சிறந்த நாட்டுப்புறப் பாடகி என்று அந்தப் பெரிய பாடகியின் பெயரைச் சொன்னார்கள். அவர் சார்பாக விருதைப் பெற்றுக்கொள்பவர் செல்வி ஈஸ்வரி என்றார்கள். அவ்வளவுதான். அதற்கு அடுத்து ஒன்றும் இல்லை. ஆரம்பக் குரல் என்று எதையும் யாரும் சொல்லவில்லை. ஆறு தடவை கேட்டும் உறைக்காத 'சார்பாக' என்ற வார்த்தை ஏழாவது தடவை உறைத்தது.

அதோடு விட்டார்களா? பாடகியின் உதவியாளர் செல்போனில் அனுப்பியிருந்த ஏற்புரையைச் செயலாளர் என் கையில் திணித்தார். வாசித்தேன். "இந்தப் பாடலின் குலவைக்காக நான் மூன்று மாதம் கிராமத்துப் பெண்களிடம் பயிற்சி எடுத்தேன்" என்று என் வாயாலேயே வாசித்தேன். கீழே அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், "என்னத்த மூணு மாசம்? பொறந்ததுலருந்து போடுறா" என்று சொல்லியிருக்கிறது.

நாலு வரி பாடுங்களேன் என்றார் தொகுப்பாளினி. பாடினேன். ஹம்மிங் எடுத்து, குலவையும் போட்டேன். குலவைச் சத்தம் கேட்டால் எங்கள் பெண்களுக்குச் சும்மா இருக்கத் தெரியாது. பேச்சி அத்தையும் மற்ற நாலு பேரும் பின்வரிசையிலிருந்து பதில் குலவை போட்டார்கள். மண்டபமே திரும்பிப் பார்த்தது. ஏதோ நடக்கப் போகிறது, இப்போதாவது யாராவது கண்டுபிடிப்பார்கள் என்று ஒரு நிமிடம் நம்பினேன்.

நடுவர் குழுத் தலைவர் மைக்கை வாங்கினார். வெள்ளை ஜிப்பா, ஐம்பது வருட இசை அனுபவம். "அவங்க குரலை அப்படியே புடிச்சிட்டீங்களேம்மா. அந்தக் குலவை இருக்கே, அச்சு அசல் அவங்கதான். மிமிக்ரி கத்துக்கிட்டீங்களா?" என்றார்.

கைதட்டினார்கள். மைக் என் கையிலும் ஒன்று இருந்தது. 'சார், அது நான்தான்' என்பது மூன்று வார்த்தை. எதிரே அப்பா நின்றுகொண்டிருந்தார். உட்கார்ந்திருந்தவர் எப்போது எழுந்தார் என்று தெரியவில்லை. நான் அந்த மூன்று வார்த்தையைச் சொல்வேன் என்றுதான் அவர் எழுந்திருக்க வேண்டும். நான் இரண்டு கையையும் கூப்பி, "நன்றி சார்" என்றேன். ஜெகன் அண்ணனை மன்னித்துவிட்டேன். அந்த நடுவரையும் மன்னித்துவிட்டேன். கும்பிட்ட அந்த ஈஸ்வரியை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

விழா முடிந்ததும் விழாக்குழு ஆள் ஒருவர் அட்டைப்பெட்டியோடு வந்து ஏழு வீணைகளையும் எண்ணி அடுக்கினார். சித்தப்பா அவரிடம், "ஒண்ணாச்சும் புள்ளைக்குக் குடுக்க மாட்டீகளா?" என்று கேட்டார். "அதெல்லாம் வின்னர்ஸுக்குண்ணே. சால்வைய வேணா வச்சுக்கங்க, அவங்க கேக்க மாட்டாங்க" என்றார் அவர். சால்வைகளை அம்மா வேன் வாசலில் வைத்தே ஏழு பேருக்குப் பங்கு பிரித்துவிட்டது. ராப்புக்கான சால்வை பேச்சி அத்தைக்குப் போயிற்று.

ஜெகன் அண்ணனுக்குப் போன் போட்டேன். "ஒனக்கு ஒரு ஸ்டேஜ் கெடைக்கட்டும்னுதான் ஏற்பாடு பண்ணேன். எம்புட்டு எக்ஸ்போஷர்" என்றார். உண்மைதான். மறுநாள் உள்ளூர்ப் பத்திரிகையில் படம் வந்தது. அதிலும் பாடகியின் பெயரைத்தான் போட்டிருந்தார்கள்.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். எங்களை உற்சாகப்படுத்துவதாக நினைத்து டிரைவர் அண்ணன் அந்தப் பாட்டையே போட்டார். ஹம்மிங் வந்தது, குலவை வந்தது. பதினோரு விநாடி முடிந்து பெரிய பாடகியின் குரல் தொடங்கியது. யாராவது நிறுத்தச் சொல்வார்கள் என்று பார்த்தேன். முன்சீட்டில் இருந்த அப்பா திரும்பிப் பார்க்காமல், டிக்கெட் கேட்கிற குரலில் சொன்னார்:

"இம்புட்டுத்தான் நம்ம புள்ள ஸ்டாப்பு. இனிமே அதுக்குச் சார்பா அந்தம்மா பாடும்."

முதலில் அத்தை சிரித்தது. பிறகு வேனே சிரித்தது. நானும் அழுதுகொண்டே சிரித்தேன். அன்றிலிருந்து காதுகுத்து, கல்யாணம், கோயில் திருவிழா என்று எங்கே ஸ்பீக்கரில் அந்தப் பாட்டு வந்தாலும் எங்கள் வீட்டு ஆட்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள். குலவை முடிந்ததும் யாராவது ஒருவர் அதைச் சொல்லியே ஆக வேண்டும். இப்போது என் மகள் சொல்கிறாள், என் அப்பாவின் அதே ராகத்தில்.

பிறகு எல்லோரும் அவரவர் பேச்சுக்குத் திரும்பிவிடுவார்கள். நான் மட்டும் மீதி நாலரை நிமிடத்தையும் கேட்பேன். இரண்டாவது சரணத்தில் ஒரு வளைவு இருக்கிறது. எனக்கு அது ட்ராக்கில் வரவே இல்லை. அந்தம்மா அதை எவ்வளவு சுலபமாகப் பாடியிருக்கிறார். என்னைவிட நன்றாகத்தான் பாடியிருக்கிறார். அதை மட்டும் நான் இன்னும் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.