குரோம்பேட்டை ‘தேங்க்ஸ் சார்’

குரோம்பேட்டையில் குரலை உயர்த்தாமல் சண்டையில் ஜெயிக்கத் தெரிந்த ஒரே மனிதர் ‘தேங்க்ஸ் சார்’தான். அதனாலேயே அவரைக் கண்டால் எனக்கு வயிறு எரியும்.

ஞாயிறு காலையில் எங்கள் ஏரியா சூப்பர் மார்க்கெட்டுக்கு வருவார். ஒல்லி உடம்பு, கடைக்குள்ளும் கழற்றாத ஹெல்மெட். பெயர் யாருக்கும் தெரியாது. முதல்முறை நான் அவரைப் பார்த்த அன்று, பில் போடும் வரிசையில் ஒரு ஆள் எனக்கு முன்னால் புகுந்தான்.

“இன்னா சார் மொறைக்கிற? ஒரே ஒரு சோப்புதான கீது!”

நான் வழக்கம்போல என் கூடையிலிருந்த ரவை பாக்கெட்டின் காலாவதித் தேதியை உற்றுப் படிக்க ஆரம்பித்தேன். பின்னாலிருந்து ஹெல்மெட் பேசியது.

“பின்னாடி போய் நிக்கறேன்னு சொன்னதுக்கு ரொம்ப தேங்க்ஸ் தம்பி!”

“நான் எப்ப சொன்னேன்?”

“சொல்லப் போறீங்க இல்ல, அதுக்குத்தான்.”

கடையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டுப் பின்னால் போனான். கூட வந்திருந்த என் மனைவி சாந்தி கைதட்டினாள். கல்யாணமாகி இருபது வருஷத்தில் எனக்கு அவள் எதற்குமே கைதட்டியதில்லை.

அப்புறம் வீட்டில் அவர் புராணம்தான். கடையில் வெண்டைக்காயை நுனி ஒடித்து ஒடித்துப் போட்டுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், “ஒடிச்சதை எல்லாம் நீங்களே வாங்கிக்கறதுக்கு தேங்க்ஸ்ம்மா” என்றாராம். கால் கிலோவுக்கு வந்த அந்த அம்மா ஒன்றரை கிலோவோடு போனாராம்.

நானும் முயன்றேன். தாம்பரத்தில் ஒரு கடையில், பயில்வான் போன்ற ஒருவர் தள்ளுவண்டியால் என் குதிகாலில் இடித்தார்.

“ஸாரி கேட்டதுக்கு தேங்க்ஸ் சார்” என்றேன்.

“யாரு கேட்டா?”

“ஸாரி சார், எனக்குத்தான் தப்பா காதுல விழுந்துடுச்சு.”

“அதுக்கெல்லாம் ஒரு முகம் வேணுங்க” என்றாள் சாந்தி.

அன்றிலிருந்து, அந்த ஹெல்மெட் ஒருநாளாவது வழுக்கி விழாதா என்று இரண்டு வருஷம் காத்திருந்தேன்.

விழுந்தது. போன மாதம் நான் தனியாகப் போயிருந்தபோது, பில் போடும் கலாவிடம் அவரே கத்திக்கொண்டிருந்தார்.

“பெரிய சைஸ் இல்லன்னா எதுக்குக் கடை வெச்சிருக்கீங்க? மனுஷன் எத்தனை தடவ அலையறது?”

கலாவின் கண் கலங்கிவிட்டது. எனக்கோ உள்ளுக்குள் தீபாவளி. ‘மெதுவா பேசறதுக்கு தேங்க்ஸ் சார்’ என்று வசனம்கூடத் தயார். அப்போதுதான் அவர் கையைப் பார்த்தேன். பெரியவர்களுக்கான டயபர் பாக்கெட், சின்ன சைஸ்.

வசனத்தை விழுங்கினேன். “உன் மேல தப்பே இல்லம்மா, நீ கொஞ்சம் தண்ணி குடி” என்று கலாவிடம் சொல்லிவிட்டு, அவர் பக்கம் திரும்பினேன்.

“யாருக்கு சார்?”

“எங்க வீட்டம்மாவுக்கு. விழுந்து இடுப்பு ஒடஞ்சிடுச்சு. நாலு நாளா நான் தூங்கல சார்.”

“பஸ் ஸ்டாண்டு பக்கத்து மெடிக்கல்ல கெடைக்கும். உங்க வண்டி இங்கயே நிக்கட்டும், என் பின்னாடி ஏறுங்க.”

கிளம்பும்போது அவரே நின்று, “மன்னிச்சுக்கோம்மா” என்றார் கலாவிடம்.

வீடு திரும்பியதும் சாந்தி கேட்டாள்: “ஏன் இவ்ளோ லேட்டு? தேங்க்ஸ் சார் வந்திருந்தாரா?”

இரண்டு வருஷமாக நான் ஏங்கிய செய்தி, நாக்கு நுனியில் இருந்தது.

“வந்தாரு” என்றேன். “கலாகிட்ட யாரோ ஒருத்தன் கத்திட்டான். இவருதான் அவனை மன்னிப்பு கேக்க வெச்சாரு.”