வெண்புள்ளிப் படலம்

வாழ்க அவன் தோள். வாழ்க அத்தோள் ஏந்திய நீர்த்துப்பாக்கி. மழையை நம்பாமல், ஆற்றை வேண்டாமல், ஆழ்துளைக் கிணற்றின் அடிவயிற்றிலிருந்து உப்புநீரை உறிஞ்சி, அதனைப் பிரஷர் வாஷர் என்னும் மஞ்சள் மேனி யந்திரத்தின் தொண்டையில் புகுத்தி, சீறும் ஒற்றை அம்பாக்கிச் சேற்றுப்படையின் சிரமறுத்த செம்மல். கார் கழுவும் நிலையமொன்றின் காவலன். ரப்பர்ச் செருப்பணிந்த ரணசூரன். ஊரார் நாவில் 'புயல்' என வழங்கப்பெற்றவன். அப்பெயரைத் தனக்குத் தானே சூட்டி ஊரார் நாவில் ஏற்றியவனும் அவனே என்பதை இங்கு விரித்துரையோம்.

அவனுக்கு அஞ்சாத அழுக்கில்லை. சக்கர வளைவில் பதுங்கிய களிமண்ணும், கண்ணாடியில் காய்ந்த பறவை எச்சமும், அவன் விசையைத் தொடும் ஒலி கேட்டே புறமுதுகிட்டோடும். ஆயினும் ஒரு பகைக்கு மட்டும் அம்மாவீரன் தோற்றுக்கொண்டேயிருந்தான். கழுவிய கார் வெயிலில் உலர்ந்ததும் அதன் உடலெங்கும் வெண்புள்ளிகள் பூத்தன. தண்ணீர் ஆவியாகி விண்ணேகிய பின்னும், இருந்த இடத்தை விட்டு அகல மனமின்றித் தங்கிவிட்ட உப்பும் சுண்ணாம்புமே அவை. வெள்ளைக் கார்களில் அவை ஒளிந்துகொண்டன. அவனது வாடிக்கையாளரான பல் மருத்துவரின் காரோ கரிய நிறத்தது.

நாளெல்லாம் பிறர் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகிய அம்மாதரசி, தம் வாயைச் சிக்கனமாகத் திறப்பவர். காரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"கழுவறதுக்கு முன்னாடியே நல்லா இருந்துச்சு," என்றார். "அடுத்த தடவையும் இப்படித்தான்னா நான் எதிர்க்கடைக்குப் போயிடுறேன்."

அவர் போனால், அவரது மருத்துவமனை வாசலில் நிற்கும் வண்டிகளெல்லாம் தாய்க்கோழியின் பின் குஞ்சுகளாய்ப் போய்விடும். புயல் கலங்கினான். ஆனால், கலங்கிய நெஞ்சுக்கு அவனறிந்த மருந்து ஒன்றேயொன்று. "வேகம் பத்தலை," என்று முழங்கி, யந்திரத்தின் அழுத்தத்தை உச்சிக்கு ஏற்றினான். உப்புப் படிந்து துப்பாக்கியின் முனை அடைபட்டது. ஊசியால் குத்தித் திறந்து மீண்டும் அடித்தான். புள்ளிகள் பெருகின.

கல்லாவுக்கும் இல்லத்துக்கும் ஒருசேர அரசியான அவன் மனைவி, அடிப்பாகம் வெளுத்துப்போன கெட்டில் ஒன்றை ஏந்தி அவன்முன் தோன்றினாள்.

"இதைப் பாருங்க. இதே தண்ணிதான் அங்கயும் வருது. தண்ணியை மாத்தாம வேகத்தை மாத்தி என்ன பிரயோஜனம்?"

குற்றம் வெறுந்தண்ணீருடையது என்றால், இத்தனை காலம் தான் காட்டிய வீரமெல்லாம் என்ன என்றோர் ஐயம் அவன் நெஞ்சின் அடியில் நெளிந்தது. அதை இருமித் துப்பிவிட்டான்.

அவளே போய் வாங்கிவந்தாள், வாட்டர் சாஃப்ட்னர் எனப்படும் ஆளுயர உருளையை. அதன் வயிற்றில் கடுகினும் சிறிய பொன்னிற மணிகள் கோடி. கடின நீரின் சுண்ணாம்பைப் பிடித்து வைத்துக்கொண்டு, நீரை மட்டும் மென்மையாக்கி அனுப்பும் மாயமணிகள்.

"கடைக்காரர் தெளிவாச் சொன்னார். தண்ணி முதல்ல இதுக்குள்ள போகணும். அப்புறந்தான் மெஷினுக்கு."

யந்திரத்துக்கு முன்னே ஒரு டப்பாவா? சேனாதிபதிக்கு முன்னே சமையல்காரனா? புயலின் மீசை சிலிர்த்தது.

"முதல்ல மெஷின். வேகமா உள்ள அடிச்சாத்தான் உப்பு பயந்துபோய் உள்ளயே தங்கும்."

"அது மெதுவாப் போற தண்ணிக்குச் செஞ்சதுங்க."

"எனக்குத் தெரியும்."

எத்தனையோ குடும்பங்களின் கூரையைப் பிரித்தெறிந்த அப்பேராயுதத்தை அவன் எய்ததும், அவள் தன் நாற்காலியைத் தூக்கிச் சென்று தூரத்துச் சுவரோரம் போட்டு அமர்ந்தாள்.

கரிய கார் வந்தது. பல் மருத்துவர் இறங்கி நின்றார். புயல் யந்திரத்தின் வெளிவாய்க் குழாயை உருளையின் வாயில் செருகி, கவ்வியை இறுக்கி, உருளையின் மறுவாயில் துப்பாக்கியை மாட்டிக் கையிலேந்தி, திசையெட்டும் நோக்கிவிட்டு விசையைத் தட்டினான். யந்திரம் பிளிறியது, உருளை நடுங்கியது, விம்மியது, பிரசவ வேதனையுற்றது போல் முனகியது, பின்னர், ஊழிக்காலத்து இடியொன்று தவறிப்போய் ஒரு கார் கழுவும் நிலையத்தில் விழுந்தாற்போன்ற ஓசையோடு பிளந்தது. தேவர்கள் மலர்மாரி பொழியும் தருணம் அது. மலர் கிட்டவில்லை போலும், மணிமாரி பொழிந்தது. கார் மேல், கண்ணாடி மேல், புயலின் மீசை மேல் ஈரமணிகள் அப்பின. பல் மருத்துவர் தம் கன்னத்திலிருந்து ஒன்றை விரல்நுனியால் எடுத்து உற்றுநோக்கினார்.

"இது என்ன?"

சொட்டச்சொட்ட நனைந்து நின்ற வீரன், தோல்வியறியாக் குரலில் சாற்றினான்:

"உப்பு. பயந்து வெளிய ஓடியாந்துருச்சு, பாத்தீங்களா?"

அவர் பார்த்தார். சாவிக்குக் கை நீட்டினார். மணிகள் நறநறவென நொறுங்கும்படி வண்டியைத் திருப்பிச் சாலையைக் கடந்தார். சுவரோரத்து நாற்காலியிலிருந்து எழுந்த அரசி, அவன் கையிலிருந்த துப்பாக்கியை வாங்கிவிட்டுத் துடைப்பத்தைக் கொடுத்தாள். அதையும் அவன் வாளேந்தும் பாங்கில்தான் ஏந்தினான்.

தப்பாக மாட்டியதற்கு வாரண்டி கிடையாது என்று கடையில் சொல்லிவிட்டார்கள்.