எட்டுச் சொம்புத் தண்ணீரும் ஏழாவது வீடும்

எதையும் எண்ணாமல் என்னால் இருக்க முடியாது. மலைக்கோயிலுக்குப் போனால் படிகளை எண்ணுவேன், கல்யாணத்துக்குப் போனால் இலைகளை எண்ணுவேன். டாக்டர் கொடுக்கும் மாத்திரையை அவர் எதிரிலேயே எண்ணுவேன் (அவருக்குப் பிடிக்காது). எண்ணிவிட்டால் தப்பு நடக்காது என்ற நம்பிக்கை எனக்கு இருந்தது. இருபத்தேழாவது வயதில் அதில் ஓட்டை விழுந்தது.

அறுபதுகளின் தொடக்கம். விழுப்புரத்தில் குமாஸ்தா வேலை. திண்டிவனத்தில் பெண் பார்க்கப் போக வேண்டும். அது ஏழாவது வீடு. முதல் ஆறு வீட்டாரும் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள், இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். "இதுவும் தட்டிப் போச்சின்னா நீயே போய்த் தேடிக்கோ, இனிமே நான் எந்த வீட்டுப் படியும் மிதிக்க மாட்டேன்" என்று அம்மா சொல்லிவிட்டாள். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகுகாலம் தொடங்கிவிடும். அதற்குள் அவர்கள் வீட்டுக்குள் கால் வைத்தாக வேண்டும்.

மாமாவிடம், அதாவது அம்மாவின் தம்பியிடம், ஒரு கறுப்புக் கார் இருந்தது. அவர் அதற்கு ஐந்தாவது சொந்தக்காரர். பெண் வீட்டுக்குத் துருத் தண்ணீரோடா போவது என்று முதல்நாள் நானே ரேடியேட்டரைச் சுத்தம் செய்தேன். அதன் அடியிலிருந்த குழாயைத் திறந்து பழைய தண்ணீரைப் பிடித்தேன். பதினோரு சொம்பு வந்தது. புதுத் தண்ணீரோ எட்டுச் சொம்பிலேயே கழுத்துவரை நிறைந்துவிட்டது.

"இத்தனை நாளும் அளவுக்கு மேல ஊத்தி ஓட்டியிருக்கீங்க மாமா" என்றேன்.

"படிச்சவன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார் மாமா. (அவர் என்னை அப்படிச் சொன்னது அதுவே கடைசி.)

காலை எட்டேகாலுக்குக் கிளம்பினோம். மாமா ஓட்டினார், நான் பக்கத்தில், அம்மா பின்னால் பூவும் பழமுமாக. கூட்டேரிப்பட்டைத் தாண்டியதும் முன்பக்கம் புகையாக வந்தது. மாமா ஓரங்கட்டினார். நான் இறங்கி, துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகினேன். மூடி பறந்தது. ஆள் உயரத்துக்குக் கொதிநீர் எழும்பியது. திரும்பி ஓடியதால் முகம் தப்பியது, சட்டை தப்பவில்லை.

பக்கத்து மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லையில் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. அங்கிருந்து தண்ணீர் கொண்டுவந்து, சிந்திய அளவுக்கு ஊற்றிக் கிளம்பினோம். முழுசாக ஒரு மைல்கூடப் போகவில்லை, மறுபடி கொதிப்பு. மாமா வண்டியைத் திருப்பி மெல்ல உருட்டிக்கொண்டு அதே கொல்லைக்கு வந்தார். கழுத்துவரை தண்ணீர் இருக்கிறது, ஆனாலும் கொதிக்கிறது. எனக்கு மூளை நின்றுவிட்டது.

ஆயில் இன்ஜினைப் பார்த்துக்கொண்டிருந்த பெண்மணி மண்வெட்டியை வைத்துவிட்டு வந்தாள். பெயர் அஞ்சலை, முப்பது வயது இருக்கலாம். யாரையும் கேட்காமல் குனிந்து, கார் இன்ஜின் பக்கம் கையைக் காட்டிச் சூடு பார்த்தாள், பிறகு ரேடியேட்டரின் ரப்பர் குழாயைத் தொட்டாள்.

"இது நெருப்பா கொதிக்குது, இது சில்லுன்னு இருக்குது. தண்ணி சுத்தல சார். எவ்ளோ எடுத்தீங்க, எவ்ளோ ஊத்தினீங்க?"

"எடுத்தது பதினொண்ணு. ஊத்தினது எட்டு" என்றேன், கொஞ்சம் பெருமையாகவே.

"அப்ப மீதி மூணு சொம்பு எடத்துல யாரு குந்திக்கினு இருக்கா?"

மாமா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன்.

"காத்து சார், காத்து! எங்க பம்பும் இப்படித்தான் பேஜாரு பண்ணும். உள்ள காத்து மாட்டிக்கினா ஒரு சொட்டு இழுக்காது."

இன்ஜின் ஆறும்வரை எங்களைத் தொடவிடவில்லை. நான் கடிகாரத்தைப் பதினான்கு முறை பார்த்தேன். ஆறியதும், முன்சக்கரங்கள் மேட்டில் ஏறி நிற்கும்படி காரைத் தள்ளச் சொன்னாள். காத்து மேலே ஏறி வர வழி வேண்டுமாம். மாமாவின் ஸ்பேனரை வாங்கி, இன்ஜின் தலையில் இருந்த ஒரு சின்னத் திருகைத் தளர்த்தினாள். "இப்ப ஊத்துங்க. ஜல்தி வேணாம், மெதுவா."

ஊற்றினேன். திருகிலிருந்து 'உஸ்' என்று ஒரு பெருமூச்சு வந்தது. பிறகு எச்சில் துப்புவதுபோல நுரை. பிறகு குமிழிகள். கழுத்தில் நின்ற தண்ணீர் கடகடவென்று உள்ளே இறங்கியது. ஒரு சொம்பு. இரண்டு. மூன்றாவது சொம்பு காலியானபோது, அந்தத் திருகோரம் நூல்போல, அறுபடாமல், கண்ணாடியாகத் தண்ணீர் வழிந்தது. அவள் திருகை இறுக்கினாள்.

நான் வெறும் சொம்போடு நின்றேன். கண்ணுக்குத் தெரியாத ஒன்று, எடையே இல்லாத ஒன்று, அத்தனை இரும்பை நிறுத்தி வைத்திருந்தது. அது இருக்குமிடத்தை இந்தப் பெண் விரல் நுனியால் கண்டுபிடித்துவிட்டாள். அன்று எனக்குச் சிலிர்த்தது. இதை எழுதும்போதும் சிலிர்க்கிறது. அம்மா கூடையிலிருந்த பூவில் பாதியைக் கிள்ளி அவளுக்குக் கொடுத்தாள்.

கார் பூனைபோல ஓடியது. பெண் வீட்டு வாசலில் நின்றதும் அம்மா கேட்டாள்: "மணி இன்னாடா?"

"பத்து முப்பத்துநாலு."

அம்மா ஊன்றிய காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். "ராகுகாலம் வந்துடுச்சி. பன்னெண்டு மணிக்குத்தான் எறங்குவேன்."

"பத்து இருபத்தெட்டுன்னு சொன்னா நாக்கு அழுகிடுமாடா மாப்ளே?" என்று மாமா பல்லைக் கடித்தார்.

இறங்காமல் காரிலேயே உட்கார்ந்திருந்தோம். பெண்ணின் அப்பா வந்து ஜன்னல் வழியே கும்பிட்டார். காபி ஜன்னல் வழியே வந்தது. தெருவே வந்து பார்த்தது. பெண் பார்க்க வந்தவன் கூண்டில் உட்கார்ந்திருக்க, மாடி ஜன்னலில் வளையல் சத்தமும் சிரிப்பும். ஏழாவதும் போயிற்று என்று முடிவு செய்தேன். தலையைக் குனிந்தபோதுதான் சட்டை கண்ணில் பட்டது. வேறு வேலை இல்லாததால் துருக்கறைகளை எண்ணினேன். இருபத்துமூன்று.

பன்னிரண்டு மணிக்கு உள்ளே போனோம். பெண்ணிடம் ஏதாவது கேட்கச் சொன்னார்கள். கறைக்காவது மன்னிப்புக் கேட்போம் என்று, "வழியில கார் கொதிச்சிடுச்சி. சட்டையில இருபத்துமூணு எடத்துல கறை" என்றேன்.

மாடி ஜன்னலிலிருந்து நாங்கள் இறங்குவதைப் பார்த்திருந்த அந்தப் பெண் நிமிர்ந்தாள். "இருபத்துநாலு. காலருக்குப் பின்னாடி ஒண்ணு இருக்குது."

வீடே சிரித்தது. எனக்கு மட்டும், அன்று இரண்டாவது முறையாக, மெய்சிலிர்த்தது.

அந்த வீட்டார் யோசிக்க அவகாசம் கேட்கவில்லை. இன்றைக்கும் ரயில்நிலையத்தில் நான் எங்கள் பெட்டிகளை எண்ணி முடித்ததும் பேத்திகூடக் கேட்கிறாள்: "தாத்தா, சரிதான். பாட்டி எண்ணியாச்சா?"