வாடை வராத வீடு

நூர்முகமதுவுக்குப் பசி வயிற்றில் எடுக்காது, முதுகில்தான் எடுக்கும். முப்பது வருஷம் மாமல்லபுரத்துச் சிற்பப் பட்டறைகளுக்குக் கல் ஏற்றி இறக்கிய முதுகு. ஒரு வாரம் மீன் இல்லையென்றாலே இடுப்புக்கு மேலே யாரோ உளி வைத்து அடிப்பதுபோல் இருக்கும். இப்போது ஐந்து வாரமாக மீன் இல்லை.

ஜும்மா முடித்து வந்து உட்கார்ந்தவர் தட்டைப் பார்த்தார்.

"இன்னா அமீனா, நேத்தும் இதானே?"

"நேத்து சுரைக்காய் பொரியல். இன்னிக்குக் கூட்டு," என்றாள் அமீனா பீவி. "வாணாம்னா மேல போய் உங்க சாரைக் கேளுங்க. வூட்டுக்காரர் நீங்களா, அவரா?"

"மெதுவா பேசு. கேக்கப் போவுது."

மாடியைக் கட்டியது பேங்க் கடனில். முதலில் குடியிருந்தவர்கள் போனபின் ஏழு மாதம் பூட்டிக் கிடந்தது. அந்த ஏழு மாதமும் தவணை கட்ட, ஐம்பத்தெட்டு வயதில் நூர்முகமது மறுபடியும் கல் தூக்கப் போனார். எட்டாவது மாதம் தரகர் ஞானதாஸ் ரவிச்சந்திரன் குடும்பத்தைக் கூட்டி வந்தார். மாடி வாடகை வந்தால்தான் முதுகுக்கு ஓய்வு.

"கல்பாக்கத்துல பெரிய உத்தியோகம் பாய். தங்கமான பார்ட்டி. சுத்த சைவம்," என்று ஞானதாஸ் அவரைத் தனியே இழுத்து ஒரே மூச்சில் சொன்னார். பல வருஷம் சொல்லிப் பழகிய வாய்.

நூர்முகமது தன் அடுப்படி மீனை நினைத்தார். கை நழுவிப் போய்விடக் கூடாதே என்று ரவிச்சந்திரனிடம் ஓடினார்.

"சார், நம்ம வூட்ல மீன் வாடையே இருக்காது. அதுக்கு நான் கேரண்டி."

ரவிச்சந்திரன் மனைவி ராஜத்தைப் பார்த்தார். ராஜம் தரையைப் பார்த்தாள்.

"சரிங்க பாய்," என்றார் ரவிச்சந்திரன். குரல் கொஞ்சம் இறங்கியிருந்தது. அது மரியாதை என்று நூர்முகமது நினைத்துக்கொண்டார்.

முதல் மாதம் ஜன்னல்களைச் சாத்திவிட்டு மீன் பொரித்தார்கள். அமீனா இருமி இருமிக் கண் சிவந்தாள். அதற்கு வழியாக அவர் எக்ஸாஸ்ட் ஃபேன் வாங்கி மாட்டினார். அதன் வாய் நேராக மேல்வீட்டு ஜன்னலுக்குக் கீழே போய்த் திறந்துகொண்டது. அன்றைக்கு ராஜம் ஜன்னலில் முகத்தை வைத்து மோந்து பார்த்தாள்; சட்டென்று தன் அடுப்படியைத் திரும்பிப் பார்த்துவிட்டு ஜன்னலைச் சாத்தினாள்.

"போச்சு," என்றார் நூர்முகமது. ஃபேனைக் கழற்றிவிட்டார்.

அதிலிருந்து புதன், ஞாயிறு இரண்டு நாளும் மேலேயிருந்து சாம்பிராணிப் புகை கும்மென்று இறங்கியது.

"ஞாயித்துக்கிழமை சரி. புதன்கிழமை இன்னா சாமி?" என்றாள் அமீனா.

"அவங்க சைடுல இருக்கும். உனக்கு இன்னாத்துக்கு?"

அடுத்த வழி, புதுப்பட்டினத்தில் இருக்கிற மச்சினன் உவைஸ் வீடு. அங்கே குழம்பு வைத்து, டிபன் கேரியரில் எடுத்துவந்து, கதவைச் சாத்திக்கொண்டு ஆறிப்போனதைச் சாப்பிட்டார்கள். மூன்றாவது தடவை கேரியர் ஒழுகியது. ஈ.சி.ஆர். முழுக்கச் சொட்டிக்கொண்டே வந்த சங்கரா மீன் குழம்பைப் பின்தொடர்ந்து பஸ் ஸ்டாண்டிலிருந்து நான்கு நாய்கள் வந்து கேட்டில் உட்கார்ந்தன.

அந்த நேரம் பார்த்து ரவிச்சந்திரன் ஆபீஸ் பஸ் இறங்கி வந்தார். நாய்கள் கேரியரை விட்டுவிட்டு அவரைச் சூழ்ந்தன. அவர் தோள்பையை மார்போடு அணைத்துக்கொண்டு காம்பவுண்டுச் சுவர்மேல் ஏறிவிட்டார்.

"மன்னிச்சிடுங்க சார்! என்னாலதான்!" என்று நூர்முகமது கல்லை எடுத்து விரட்டினார்.

"இல்ல பாய், என்னாலதான்," என்றார் ரவிச்சந்திரன், சுவர்மேலிருந்து. கை இன்னும் பையைப் பிடித்திருந்தது.

"இன்னா பெருந்தன்மை பாரு," என்று இரவெல்லாம் அமீனாவிடம் உருகினார். மறுநாளே மீனை அடியோடு நிறுத்தினார். மீன்காரி வேண்டாவிடம், "நம்ம தெருவுல கூவவே கூவாத தாயி," என்று கும்பிட்டுச் சொன்னார். இவர்கள் அடுப்படியிலேயே படுத்துக் கிடந்த பூனை, ஒரு வாரம் சுரைக்காயைப் பார்த்துவிட்டு மாடிப்படி ஏறிப் போய்விட்டது. போன இடத்தில் கொழுகொழுவென்று ஆகிவிட்டது.

"பால்சோறு போட்றாங்க போல," என்றார் நூர்முகமது.

ஜும்மா முடித்து வந்து அந்தச் சுரைக்காய்க் கூட்டில் கை வைக்கும்போதுதான், ஆபீசுக்கு லீவு போட்டிருந்த ரவிச்சந்திரன் கீழே வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"பாய், கோவிச்சுக்காதீங்க. வேற வீடு பாத்துட்டோம்."

"எங்களால எதுனா பேஜாரா சார்?"

"ஐயோ, நீங்க இவ்வளவு சுத்தமா இருக்கீங்க. எங்களுக்குத்தான் மனசு உறுத்துது."

சொல்லிவிட்டுத் தட்டிலிருந்த சுரைக்காயைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டுப் போனார்.

"அந்த நாயிங்கதான்," என்றார் நூர்முகமது. "வாய்விட்டுச் சொல்ல மனசு வரல மனுசனுக்கு."

அட்வான்ஸைத் திருப்பித் தர அமீனாவின் வளையல் அடகுக்குப் போனது. காலி பண்ணும் நாளில் பீரோவுக்குத் தானே முதுகு கொடுத்து லாரியில் ஏற்றினார். கடைசிவரை லாரிப் பக்கத்திலேயே நின்றார். ரவிச்சந்திரன் தெருமுனையைத் தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நகர்வதாக இல்லை என்று தெரிந்ததும் வண்டியில் ஏறிவிட்டார்.

சாயங்காலம் நூர்முகமது பட்டறைக்கார இனியனுக்கு போன் போட்டார். "லோடு எதுனா வந்தா சொல்லுப்பா."

"உங்களுக்கா பாய்? முதுகு?"

"கீது. வர்றேன்."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்தார். சொந்த வீட்டில் வாய்க்குப் பூட்டுப் போட்டுக்கொண்டும் ஒரு மனுஷனை நிறுத்திவைக்க முடியவில்லை. அமீனா தோளில் தைலம் தேய்த்தாள்.

"நாளைக்கு வேண்டாவைக் கூப்டு," என்றார். "இனி யாருக்கு பயந்துக்கணும்?"

காலையில் வேண்டா வந்தாள். அன்னக்கூடையை இறக்காமல் மாடி ஜன்னலையே அண்ணாந்து பார்த்தாள்.

"எறக்கு தாயி. வஞ்சிரம் கீதா?"

"வஞ்சிரம் இருக்கட்டும் பாய். மீன் வாடை அடிச்சா நீங்க காலி பண்ணச் சொல்லிடுவீங்கன்னு பயந்துகினு, புதனும் ஞாயிறும் பஸ் ஸ்டாண்டாண்ட பையில மறைச்சு மறைச்சு எங்கிட்ட மீன் வாங்கினு வந்தாரே உங்க மேல்வூட்டு சாரு, நேத்து நீங்க லாரியாண்டயே நின்னுகினு இருந்ததால குடுக்க முடியாம போய்ட்டாரு, எனக்கு இன்னும் அறுநூத்தி நாப்பது ரூபா பாக்கி!"