ஜெர்மனிக்குத் தலைமை தாங்கிய பஸ்ரா

இங்கிலாந்து ராஜாவிடம் சம்பளம் வாங்கிவிட்டு ஜெர்மனிக்குத் தலைமை தாங்கியவர் உலகத்தில் ஒருவர்தான். அவரும் இலங்கையில் பதுளைக்குப் பக்கத்தில், எங்கள் தோட்டத்தில் தேயிலைப் பெட்டி செய்துகொண்டிருந்தார்.

தங்கை கல்யாணத்துக்குத் திருச்சிக்குப் போன மனிதர், வழியில் பிரிட்டிஷ் பட்டாளத்துக்குத் தச்சர் வேண்டும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுக் கப்பலேறிவிட்டார். இரண்டு வருஷம் கழித்து, அரபு நாட்டுப் போர்முனையான பஸ்ராவிலிருந்து ஒரு தோல் பந்தோடு திரும்பினார். அன்றிலிருந்து அவருக்குப் பஸ்ரா என்றே பெயர்.

"கல்யாணம் நல்லா நடந்துச்சா அண்ணே?" என்றேன். நான் அப்போது தோட்டத்தில் கணக்கெழுதும் கிளாக்கர்.

"எனக்கு எப்படிங்க தெரியும்?"

ஞாயிற்றுக்கிழமைகளில் லயத்து வரிசை வீடுகளில் இருந்த தோட்டத்து ஆட்களுக்குக் கால்பந்து ஆட்டம் பழக்கினார். பந்தைக் கையால் தொட்டால், ஆட்களை அதட்டி வேலை வாங்கும் தலைக்கங்காணியையே ஊதல் ஊதி வெளியேற்றுவார்.

ஜெர்மனியோடு நடந்த முதல் உலக யுத்தத்தில் இங்கிலாந்து ஜெயித்ததைக் கொண்டாட, தோட்டத்து நிர்வாகியான பெரியதுரை ஒரு பந்தாட்டம் ஏற்பாடு செய்தார். அக்கம்பக்கத் தோட்டங்களின் வெள்ளைக்காரத் துரைமார்கள் இங்கிலாந்து. நம் ஆட்கள் ஜெர்மனி. கேட்டதும் பாதிப் பேருக்குக் காய்ச்சல்.

"ஜெயில்ல போட்டுருவாங்கய்யா!" என்றார் தலைக்கங்காணி.

"ஒரு மணி நேரம் ஜெர்மன்காரனா இருப்போம். அப்புறம் லயத்துக்கே வந்துருவோம். கப்பலா ஏறப்போறோம்?" என்றார் பஸ்ரா.

ஜெர்மனி தோற்க வேண்டும் என்று பெரியதுரை என்னிடம் சொல்லியனுப்பினார். நான் போய்ச் சொன்னேன்.

"நெசச் சண்டையிலயே அவன் லேசுல தோக்கலையே, கிளாக்கரையா!" என்று சொல்லிவிட்டு, பஸ்ரா கோலுக்குள் போய் நின்றுகொண்டார்.

வெறுங்காலோடு ஓடி ஜெர்மனி ஒரு கோல் போட்டது. இங்கிலாந்துக்குக் கைதட்ட வேண்டும் என்பது உத்தரவு. எங்கள் சனம் கையை இங்கிலாந்துக்குத் தட்டியது, வாயால் ஜெர்மனிக்குக் கத்தியது. பெரியதுரையின் முகம் மிளகாய்ப்பழம் ஆயிற்று.

ஆட்டம் முடியும் நேரம். யுத்தத்திலிருந்து திரும்பி, உதவி நிர்வாகியாகப் புதிதாக வந்திருந்த சின்னதுரை தனியாகப் பந்தை உருட்டிக்கொண்டு கோலை நோக்கி ஓடிவந்தார். அந்தச் சமயம் பார்த்து, கடைசியில் கொளுத்த வைத்திருந்த பட்டாசுச் சரத்தை எவனோ கொளுத்திவிட்டான்.

சின்னதுரை அப்படியே குப்புற விழுந்தார். இரண்டு கைகளாலும் தலையை மூடிக்கொண்டு நடுங்கினார். கூட்டம் சிரித்தது. நானும் சிரித்தேன்.

பஸ்ரா மட்டும் கோலை விட்டுவிட்டு ஓடிப்போய் அவர் பக்கத்தில் மண்ணில் படுத்தார். முதுகில் கைவைத்து, "முடிஞ்சு போச்சு தொரை. சண்டை முடிஞ்சு போச்சு" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அந்தத் தமிழில் ஒரு வார்த்தையும் சின்னதுரைக்குப் புரிந்திருக்காது. நடுக்கம் மெல்ல நின்றது. அதற்குள் இன்னொரு துரை, காவலில்லாத கோலுக்குள் பந்தைத் தட்டிவிட்டார்.

ஒன்றுக்கு ஒன்று. பெரியதுரை இங்கிலாந்து ஜெயித்ததாகவே கைகுலுக்கினார்.

"ஜெயிக்கிற ஆட்டத்தை விட்டுட்டீங்களே அண்ணே!" என்று ஆட்கள் பஸ்ராவைப் பிய்த்தெடுத்தார்கள்.

"பட்டாளத்துல செத்தவனுக்கெல்லாம் பெட்டி செஞ்சது நான்தாங்க. நம்ம பக்கமா, எதிர்ப் பக்கமான்னு யாரு கேட்டா? உசரம் எவ்வளவுன்னுதான் கேட்டேன். எல்லாம் இந்தப் பிள்ள வயசு."

அதற்குப் பிறகு சின்னதுரை அடிக்கடி தச்சுக் கொட்டகைக்கு வந்து உட்கார்ந்திருப்பார். அவர் தலை தெரிந்தாலே பஸ்ரா சுத்தியலைக் கீழே வைத்துவிடுவார். அவர் எழுந்து போகும்வரை ஓர் ஆணி அடிக்கும் சத்தம் கேட்காது.

பெட்டி ஏன் தாமதம் என்று பெரியதுரை என்னிடம் கத்துவார்.

"பலகை இன்னும் காயலைங்க தொரை" என்பேன், நல்ல வெயில் நாளிலும்.