ஆதாரம் சாரின் மூன்று பொய்கள்

இருநூற்றுப் பதினான்கு பேரில் ஒருவர்கூடக் கண்டுபிடிக்கவில்லை. ஆதாரம் சார் கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் துடைத்து மாட்டிக்கொண்டு, கணினியில் இருந்த விடைகளை மறுபடியும் மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஊஹூம், ஒருவர்கூட இல்லை.

"பாடத்துக்கு நடுவுல மூணு பொய் சொல்லியிருக்கேன். எவனுக்கும் உறைக்கலை!"

"என்ன பொய் சொன்னீங்க?" என்று கேட்டார் மனைவி, துவைத்த துணிகளை மடித்துக்கொண்டே.

"வௌவால் ஒரு பறவைன்னு சொன்னேன். தண்ணி அம்பது டிகிரியில கொதிக்கும்னு சொன்னேன். ஒளியைவிட ஒலி வேகமாப் போகும்னு சொன்னேன்."

"இதையா நம்பிட்டாங்க?"

"அப்படியே முழுங்கிட்டாங்க."

யார் எதைச் சொன்னாலும் "ஆதாரம் இருக்கா?" என்று கேட்பதால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வைத்த பட்டப்பெயர்தான் 'ஆதாரம் சார்'. முப்பத்திரண்டு வருடம் அறிவியல் ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் பெயர் மட்டும் ஓய்வு பெறவில்லை. கல்யாணப் பத்திரிகை வைக்க வந்தவரிடமே ஆதாரம் கேட்டார் என்று ஒரு கதை உண்டு. அதற்கு ஆதாரம் இல்லை.

இப்போது அவர் பாடம் நடத்துவது ஓர் இணையப் பள்ளியில். சாமி, சடங்கு, சாதி, மதம் எதையும் ஆதரித்தோ எதிர்த்தோ பேசாமல், ஒரு விஷயம் உண்மையா இல்லையா என்று சோதித்துப் பார்ப்பது எப்படி என்பதை மட்டும் வயது வந்தவர்களுக்குச் சொல்லித் தரும் பள்ளி. இவருடைய வகுப்புக்குப் பெயர் 'சந்தேகப் பாடம்'. திங்கட்கிழமைதோறும் வீட்டுப் பின்னறையில் செல்போனை நிறுத்தி வைத்துப் பேசிப் பதிவு செய்வார். அதை அப்படியே அலுவலகத்துக்கு அனுப்பிவிடுவார். அங்கே இருக்கும் எடிட்டர் இருமல், தும்மல், பக்கத்து வீட்டு மிக்ஸி சத்தம் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு இணையத்தில் ஏற்றுவார். எடிட்டர் பதினைந்து வருடம் கல்யாண வீடியோ எடுத்துவிட்டு வந்தவர், அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர்.

படிப்பவர்களுக்குச் சந்தேகப்படத் தெரிகிறதா என்று பார்க்கத்தான் இந்தத் தேர்வு. பாடத்துக்குள் பொய்யை ஒளித்து வைத்துவிட்டு, அது வெளியான மறுநாள், மாணவர்கள் பக்கத்தில் தானே தட்டச்சு செய்து போட்டார்: 'பாடத்தில் பிழைகள் உள்ளன. கண்டுபிடித்து எழுதவும்.' அலுவலகத்தில் யாரிடமும் மூச்சு விடவில்லை. தேர்வுக்கு முன்னால் கேள்வித்தாள் வெளியே போகக் கூடாது என்பது அவருக்கு ரத்தத்தில் ஊறிய பழக்கம்.

"ஒண்ணுமே எழுதாமயா விட்டாங்க?" என்றார் மனைவி.

"எழுதாம என்ன? பக்கம் பக்கமா எழுதியிருக்காங்க. ரத்தக் குழாய்க்குள்ள ரத்தம் நீலமா இருக்கும்னு சொன்னேனாம், அது தப்பாம். பூமி சூரியனுக்குப் பக்கத்துல வர்றதாலதான் கோடை வருதுன்னு சொன்னேனாம், அதுவும் தப்பாம். எல்லாரும் சொல்லி வச்ச மாதிரி இதையே எழுதியிருக்காங்க. பார்த்து எழுதியிருக்காங்க, வேற என்ன?"

மனைவி மடித்த புடவையைக் கீழே வைத்தார். மருத்துவமனையில் முப்பது வருடம் நர்ஸாக வேலை பார்த்தவர்.

"நான் எத்தனை ஆயிரம் பேருக்கு ரத்தம் எடுத்திருப்பேன்! நீலமா ஒரு சொட்டு பார்த்ததில்லையே."

"வெளியில வந்து காத்து பட்டதும் சிவப்பாயிடும்."

"ஊசிக் குழாய்க்குள்ள ஏதுங்க காத்து?"

"இதெல்லாம் உனக்குப் புரியாது" என்றார் ஆதாரம் சார். பதில் தெரியாதபோது அவர் வழக்கமாகச் சொல்வது அதுதான். இருநூற்றுப் பதினான்கு பேருக்கும் வரிசையாகப் பூஜ்யம் போட்டார்.

மறுநாள் மாணவர்கள் பக்கம் தீப்பிடித்தது. 'அடுப்படி' என்ற பெயரில் படிக்கும் ஒரு பெண்மணி நறுக்கென்று எழுதியிருந்தார்: 'சார், நமக்குக் கோடையாக இருக்கும்போது பூமியின் மறுபாதியில் குளிர்காலமாக இருக்கிறதே. அவர்கள் வேறு பூமியில் இருக்கிறார்களா?'

'தேர்வு முடிவு பற்றிக் கடிதப் போக்குவரத்து இல்லை' என்று பதில் போட்டார் ஆதாரம் சார். அன்றே ஐம்பது பேர் வகுப்பைவிட்டு விலகினார்கள்.

தப்பு தன்னுடையதுதான், பொய்யை ரொம்ப நுணுக்கமாகச் சொல்லிவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியது. அடுத்த திங்கட்கிழமை, குருடனுக்கும் தெரிகிற மாதிரி இரண்டு பொய் சொன்னார். சூரியன் மேற்கே உதிக்கிறது. சிலந்திக்கு நான்கு கால். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது, பல்லைக் கடித்து அடக்கிக்கொண்டார்.

சாயங்காலம் எடிட்டரிடமிருந்து போன்.

"சார், நல்லா இருக்கீங்களா? உடம்பு கிடம்பு ஒண்ணுமில்லையே?"

"எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். ஏன், பதிவு சரியில்லையா?"

"ஐயோ, பிரமாதம் சார். ராத்திரி நல்லாத் தூங்குறீங்களான்னு கேட்கலாம்னுதான்."

எவ்வளவு பாசம் இந்த மனிதருக்கு என்று ஆதாரம் சார் நெகிழ்ந்துபோனார்.

விடைகள் வந்தன. சூரியனையும் காணோம், சிலந்தியையும் காணோம். நாக்கின் நுனியில் மட்டும்தான் இனிப்பு தெரியும் என்று அவர் சொன்னது பிழை என்று அத்தனை பேரும் எழுதியிருந்தார்கள்.

"சூரியன் மேற்கே உதிக்கும்னு சொல்றேன், சரி சார்னு தலையாட்டுறாங்க. நாக்கைப் பத்தி உண்மையைச் சொன்னா தப்புங்கிறாங்க!"

"கொஞ்சம் நாக்கை நீட்டுங்க" என்றார் மனைவி.

நர்ஸ் சொன்னால் நீட்டித்தான் ஆக வேண்டும். நுனியில் எதையோ தொட்டு வைத்தார்.

"தூ! உப்பு!"

"நுனியில இனிப்புதானே தெரியும்?"

"உன் கை தவறி உள்ள பட்டிருக்கும்" என்று சொல்லிவிட்டு, வாய் கொப்பளித்து வந்து, மறுபடியும் எல்லோருக்கும் பூஜ்யம் போட்டார். வகுப்பில் தொண்ணூற்றொரு பேர் மிஞ்சினார்கள்.

பள்ளியின் நிர்வாகி அம்மாள் அழைத்தார். "சார், உங்க வகுப்பு காலியாகிட்டே இருக்கு. இந்த வாரத் தேர்வுல பாதிப் பேராவது தேறணும். இல்லேன்னா வெள்ளிக்கிழமையோட வகுப்பை மூட வேண்டியதுதான்."

ஓய்வு பெற்ற நாளிலிருந்து கடைக்காரர் ஆதாரம் சாரை "பெரியவரே" என்று கூப்பிடுகிறார், வங்கியில் "தள்ளி நில்லுங்க" என்கிறார்கள். "சார், ஒரு சந்தேகம்" என்று ஆரம்பிக்க இந்த உலகத்தில் மிச்சமிருப்பது இந்தத் தொண்ணூற்றொரு பேர்தான். அவர்களும் போய்விட்டால் திங்கட்கிழமைக்கும் செவ்வாய்க்கிழமைக்கும் அவருக்கு வித்தியாசம் இருக்காது.

எனவே மூன்றாவது திங்கட்கிழமை துணிந்துவிட்டார். மனிதனுக்கு இரண்டு இதயம், பகலுக்கு ஒன்று, இரவுக்கு ஒன்று என்று நான்கு நிமிடம் விளக்கினார். படம் வரைந்து, இரவு இதயத்துக்குக் கறுப்பு வண்ணம்கூட அடித்தார். இதைக் கண்டுபிடிக்காவிட்டால் அவர்களுக்கு இதயம் இருப்பதே சந்தேகம்.

எடிட்டர் உடனே கூப்பிட்டார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. ஒரு மாசம் லீவு போட்டு ஓய்வு எடுங்களேன்."

"இந்த நேரத்துலயா? வகுப்பே ஊசலாடிட்டு இருக்கு!"

"சரி சார். நான் இருக்கிறவரைக்கும் நீங்க எதுக்கும் கவலைப்படாதீங்க."

வியாழக்கிழமை விடைகள் வந்தன. மனிதன் தன் மூளையில் பத்து சதவீதத்தைத்தான் பயன்படுத்துகிறான் என்று சொன்னது தவறு என்று தொண்ணூற்றொரு பேரும் எழுதியிருந்தார்கள். கறுப்பு இதயத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. 'அடுப்படி' மட்டும் கீழே ஒரு வரி சேர்த்திருந்தார்: 'இந்த வாரமும் பூஜ்யம்தான் போடுவீர்கள். இருந்தாலும் சரியானதையே எழுதுகிறேன்.'

ஆதாரம் சாருக்கு இந்தத் தடவை கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது.

வெள்ளிக்கிழமை காலை அலுவலகத்தில் நீள மேஜையின் ஒரு பக்கம் நிர்வாகி அம்மாள் இருந்தார். எதிரே ஆதாரம் சார், கையில் விலகல் கடிதம். எடிட்டர் மூலையில் கணினியில் எதையோ செய்துகொண்டிருந்தார்.

"ஒருத்தர்கூடத் தேறலையா சார்?"

"இல்லைம்மா. இனிமே ஒளிச்சு வச்சு என்ன ஆகப்போகுது, சொல்லிடறேன். அவங்க சந்தேகப்படுறாங்களான்னு பார்க்க, நான் வேணும்னே பாடத்துல பொய் சொன்னேன். வௌவால் பறவைன்னேன். சூரியன் மேற்கே உதிக்குதுன்னேன். கடைசியில மனுஷனுக்கு ரெண்டு இதயம்னு படம் போட்டே காட்டினேன்."

நிர்வாகி அம்மாள் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "ரெண்டு இதயமா? அதை யாருமே கேட்கலையா?"

"ஒருத்தர்கூடக் கேட்கலை. மூணு வாரம் என்ன சொன்னாலும் நம்பியிருக்காங்க. இவ்வளவு காலமா நான் என்ன சொல்லிக் கொடுத்தேன்? ஒரே ஒரு ஆளுக்குக்கூடச் சந்தேகப்படச் சொல்லித்தர முடியலை." கடிதத்தை நீட்டினார். "வகுப்பை மூடிடுங்கம்மா. வாத்தியார் சரியில்லை."

நிர்வாகி அம்மாள் கனத்த மனத்தோடு கடிதத்தை வாங்கி, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார். மூலையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. எடிட்டர் எழுந்து, ஆதாரம் சாரின் முகத்தைப் பார்க்கத் தயங்கி, தரையைப் பார்த்தபடி சொன்னார்:

"மேடம், அதையெல்லாம் சார் தடுமாறிப்போய்ச் சொல்றார்னு நெனச்சு, நாலு பேர் சிரிக்கக் கூடாதேன்னு வாரா வாரம் நான்தான் வெட்டி எடுத்துட்டேன்; அவங்க கண்டுபிடிச்ச தப்பெல்லாம் சார் நிஜமாவே நம்பிச் சொன்னது."